பதினெட்டுப் பல்

மேடு இறங்கும்போது பின் டயர் புஸ்ஸென்று போனது. லேப்காரன் வண்டியை ஓரம் கட்டினான்.

லேப்காரன் என்பது சைக்கிள் கடையில் வைத்த பேர். மேட்டு உச்சியில் ஊருக்கான குடிநீர்த் தொட்டி. அதன் காலடியில் தண்ணீரைச் சோதிக்கும் சின்ன ஆய்வுக்கூடம். அங்கேதான் வேலை. காலையில் மிதித்து ஏறுவான், மாலையில் இறங்குவான். சனிக்கிழமை அரை நாள்தான். அன்றைக்கு வீட்டுக்குப் போகாமல் அடிவாரத்தில் மச்சான் வைத்திருக்கும் சைக்கிள் கடைக்குப் போவான். மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கடைக்கு மேலேயே வீடு. மச்சானின் மனைவி மாடியில் சாப்பாடு போடுவாள். அவன் சாப்பிட்டு எழுவதற்குள் மச்சான் கீழே வண்டியைக் கழுவி, செயினைத் துடைத்து, எண்ணெய் விட்டு வைத்திருப்பார். மனைவி செத்த பிறகு வந்த பழக்கம். யாரும் யாரையும் கேட்டு ஆரம்பித்ததில்லை.

இன்றைக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அவளுடைய சைக்கிளை வாங்க ஆள் வருகிறது.

வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பின் சக்கரத்தின் நட்டுகளைத் தளர்த்திச் சக்கரத்தை உருவினான். டயரைக் கழற்ற விரலை நுழைத்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

அது ஃபிக்ஸ்டு கியர் வண்டி. சக்கரம் சுற்றினால் பெடலும் சுற்றும். இறக்கத்தில் காலை ஓய்வாக வைத்துக்கொண்டு உருண்டு வருகிற வசதி கிடையாது. கியர் மாற்றும் கம்பி, நெம்புகோல் எதுவும் இல்லை. முன்னால் ஒரு பல்சக்கரம், பின்னால் ஒரு பல்சக்கரம், நடுவே செயின். பின் சக்கரத்தின் அச்சு உட்காரும் இடத்தில் நீளமாக ஒரு வெட்டு இருக்கும். செயின் விறைப்பாக நிற்கும்வரை சக்கரத்தைப் பின்னால் இழுத்து நட்டை முடுக்க வேண்டும். நட்டு அழுந்திய இடத்தில் பெயின்ட் உரிந்து வட்டமாக ஒரு தழும்பு விழும்.

ஒரு தழும்புதான் இருக்க வேண்டும். நான்கு இருந்தன. ஒன்றின்மேல் ஒன்று ஏறி, பின்னாலிருந்து முன்னால் நடந்து வந்திருந்தன.

அச்சு முன்னால் வர வேண்டுமென்றால் செயின் குறைய வேண்டும். செயின் அதே செயின்தான். அப்படியானால் பின் பல்சக்கரம் பெரிதாகியிருக்கிறது.

அவன் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பற்களை எண்ணினான். பதினெட்டு. நம்பாமல் ஒரு பல்லில் எச்சில் தொட்டு அடையாளம் வைத்து மறுபடி எண்ணினான். பதினெட்டுதான்.

அவன் வண்டியில் இருந்தது பதினைந்து. முன்னால் நாற்பத்தெட்டு, பின்னால் பதினைந்து. பெடலை ஒரு முழுச் சுற்று சுற்றினால் சக்கரம் மூன்று சுற்றுக்கும் கொஞ்சம் மேலே சுற்றும். அந்தக் கணக்கில் ஒரு முழு மிதிக்கு வண்டி ஆறே முக்கால் மீட்டர் போக வேண்டும். பதினெட்டில் ஐந்தரைதான் போகும். காலுக்கு லேசு, தூரத்துக்கு நஷ்டம். ஒவ்வொரு மிதியிலும் ஒரு மீட்டருக்கு மேல் யாரோ உருவிக்கொண்டிருந்திருக்கிறார்கள்.

யாரோ என்ன யாரோ. இந்த வண்டியைத் தொடுகிற கை ஒன்றுதான்.

ஒரேயடியாக மூன்று பல் ஏற்றியிருந்தால் முதல் மிதியிலேயே தெரிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை ஒன்று. சில வாரம் கழித்து இன்னொன்று. மறுபடி ஒன்று. தூங்குகிற பிள்ளையின் கையிலிருந்து பொம்மையை எடுக்கிற மாதிரி, விரல் விரலாக.

டியூபை மாற்றினான். பம்பு இரண்டு தடவை வழுக்கியது. பல்சக்கரம் மாறியதுகூடப் பெரிதில்லை. போன சனிக்கிழமை நடந்ததுதான் நெஞ்சை அறுத்தது.

அந்த வாரம் மேடு ஏறும்போது தான் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருப்பதை அவன் கவனித்தான். அவள் போனபின் அப்படி ஒன்று நடந்ததில்லை. திடுக்கிட்டு வாயை மூடினான். மறுநாளும் கால் துள்ளியது. மூச்சு முட்டவில்லை. வலித்துக் கொண்டிருந்த முட்டி வலிக்கவில்லை. சரி, ஆறுகிறது போல என்று நினைத்தான். நினைத்ததற்காக இரண்டு நாள் தன்னையே வெறுத்தான். பிறகு, இது இப்படித்தான் நடக்கும்போல, எல்லோருக்கும் நடப்பதுதானே என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டான். சனிக்கிழமை சாப்பிடும்போது அவனே சொன்னான்: "அவ வண்டி சும்மா தூசி தின்னுட்டு நிக்குது மச்சான். யாருக்காவது குடுத்துடலாம். யாராவது ஓட்டட்டும்."

மச்சான் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி மாப்ள" என்றார். அவ்வளவுதான்.

அந்த லேசு எங்கிருந்து வந்ததென்று அப்போதே மச்சானுக்குத் தெரியும். தெரிந்தே சரி என்றிருக்கிறார்.

கடைக்குள் அவன் வண்டியோடு நுழைந்தான். மச்சான் ரிம் ஒன்றைச் சுழலவிட்டுக் கோணல் பார்த்துக்கொண்டிருந்தார். எதிரே முக்காலியில் நெட்டையான ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். முழங்கைவரை மாவுத் தூள் ஒட்டியிருந்தது. பேக்கரியில் வேலை. பஸ் ஓட ஆரம்பிக்கும் முன்பே அடுப்பைப் பற்றவைக்கிறவள். அதனால்தான் சைக்கிள். அவளுக்குப் பக்கத்தில், சுவரோரம், துடைத்துப் பளபளவென்று அவன் மனைவியின் வண்டி.

"வா மாப்ள. இவங்கதான். எத்தனை கியருன்னு கேட்டாங்க, ஒண்ணுன்னேன், எந்திரிச்சுப் போகப் பாத்தாங்க."

"கடைசியா எப்போ மாத்தின?" என்றான் லேப்காரன்.

"என்னத்த?"

"பதினெட்டை."

சுழன்றுகொண்டிருந்த ரிம்மை மச்சான் விரலால் பிடித்து நிறுத்தினார். முகத்தில் ஈயாடவில்லை.

"மேல வா. சாப்பிட்டுட்டுப் பேசுவோம்."

"இங்கயே பேசு."

அவன் ஒருநாளும் மச்சானை நீ என்று சொன்னதில்லை. மாடிப்படியில் இறங்கிக்கொண்டிருந்த மச்சானின் மனைவி பாதிப் படியில் நின்றாள்.

"தம்பி, என்ன இது, மரியாதை இல்லாம?"

"உங்களுக்குத் தெரியுமாக்கா? இவரு என் வண்டில பல்லு ஏத்திட்டிருந்தது?"

அவள் புருஷனைப் பார்த்தாள். அந்தப் பார்வையே பதிலாக இருந்தது.

"ஆகக் குடும்பமே சேந்துதான்."

"சேரவும் இல்ல ஒண்ணும் இல்ல. வேணாம், சொல்லிட்டுச் செய்யுங்கன்னு தலபாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டாத்தானே?"

மச்சான் கைத்துணியை எடுத்து விரல்களை ஒவ்வொன்றாகத் துடைத்தார். "நீ எப்படி வந்து நின்ன தெரியுமா ஒவ்வொரு சனிக்கிழமையும்? இந்தப் படி ஏறுறதுக்குள்ள ரெண்டு தடவ கைப்பிடியப் பிடிப்ப. முட்டி வீங்கிக் கெடந்துது. லேசா மாத்திக்கடான்னு எத்தன வாட்டி சொன்னேன்? காதுலயே போட்டுக்கல. அந்த மேட்டுல பதினஞ்சு வெச்சுத் தெனமும் மிதிச்சா முட்டி தேஞ்சு போயிடும்டா."

"என் முட்டி."

"ஆமா, உன் முட்டி. அதை யாரு பாக்கறது? நீ பாத்தியா? ஒரு பல்லு ஏத்தினேன். உனக்குத் தெரியல. இன்னொண்ணு ஏத்தினேன். அப்பவும் தெரியல. கால்ல உணர்ச்சி இருக்கற எவனும் கண்டுபிடிச்சிருப்பான். நீ மூணு பல்லு வரைக்கும் முழிக்கவே இல்ல!"

அது உண்மை. உண்மை என்பதால்தான் இன்னும் எரிந்தது.

"சரி. முட்டிக்காகப் பண்ணின. நல்லவன்தான். போன வாரம் நான் சொன்னேன்ல, அவ வண்டியக் குடுத்துடலாம்னு. அப்போ ஏன் வாயத் திறக்கல?"

மச்சான் கைத்துணியை மடித்தார்.

"மனசு லேசாயிடுச்சுன்னு நெனச்சேன். நெனச்சுத்தான் சொன்னேன். என் மனசு இல்ல, நீ போட்ட பல்லு! உனக்குத் தெரியும். தெரிஞ்சும் சாப்பாட்டப் பெசஞ்சுக்கிட்டு சரி மாப்ளங்கற!"

"அன்னிக்குத்தான் அவ பேச்சே உன் வாயிலேருந்து வந்துது," என்றார் மச்சான். குரல் உயர்ந்தது. "எத்தன மாசமா அவளப் பத்தி ஒரு வார்த்த பேசியிருக்க? நீ பேசலன்னா நானும் பேசக்கூடாது, என் பொண்டாட்டியும் பேசக்கூடாது. உனக்குப் பொண்டாட்டிதான். எனக்குத் தங்கச்சி. இந்தக் கையால சைக்கிள் ஓட்டப் பழக்கினேன். அன்னிக்கு நீயா பேசின. அதப் போயி நான் கெடுப்பேனா?"

"செத்தவள இழுக்காத."

"நீ மட்டும் இழுக்கலாமா?"

பேக்கரிக்காரி முக்காலியிலிருந்து எழுந்தாள். "அண்ணே, ஒரு நிமிஷம். எனக்கு ஒண்ணும் புரியல. கியரே இல்லாத வண்டிக்கு ஏன் கியருக்கு இத்தனை சண்டை?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனாலும் அவள் கேட்டது நியாயம். மச்சானின் மனைவிதான் சொன்னாள்: "முன்னாடி பல்லு, பின்னாடி பல்லு. பின்னாடி கம்மியா இருந்தா மிதிக்கக் கஷ்டம், வேகம் ஜாஸ்தி. பின்னாடி ஜாஸ்தியா இருந்தா மிதிக்க சுலபம், வேகம் கம்மி. இவரு அவருக்குத் தெரியாம சுலபமாக்கிட்டாரு. அதுக்குத்தான்."

"சுலபமாக்கினதுக்கா அடிச்சுக்கறீங்க? எங்க முதலாளி ஒருநாள் எனக்குத் தெரியாம மாவு மூட்டையில பாதிய எறக்கி வெச்சா நான் காலத் தொட்டுக் கும்பிடுவேன்."

"இன்னிக்கு முழு மூட்ட தூக்கிட்டேன், பலம் வந்திருச்சுன்னு நம்பி, அந்த நம்பிக்கையில ஒரு காரியம் செஞ்சுட்டா?" என்று லேப்காரன் அவள் பக்கம் திரும்பினான்.

அவள் யோசித்தாள். "என்ன காரியம்?"

அவன் சுவரோரம் நின்ற வண்டியைக் காட்டினான். அவள் அதைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள், மெல்ல உட்கார்ந்துகொண்டாள்.

"பழைய பதினஞ்சு எங்க?" என்றான் மச்சானிடம்.

"எதுக்கு?"

"போடு. ஏறிப் பாக்கறேன். பதினஞ்சுலயும் ஏறும்போது லேசா இருந்தா அவ வண்டி இவங்களுக்கு. இல்லன்னா யாருக்கும் இல்ல."

"பைத்தியம் பிடிச்சிருக்கா உனக்கு?"

"போடு!"

மச்சான் மேஜைக்கு அடியிலிருந்து ஒரு டப்பாவை இழுத்தார். பதினைந்து, பதினாறு, பதினேழு, மூன்றும் எண்ணெய்த் துணியில் சுற்றித் தனித்தனியாக இருந்தன. தூக்கி எறிந்திருக்கலாம். வைத்திருந்தார். அதைப் பார்த்ததும் லேப்காரனுக்கு ஒரு கணம் கோபம் நழுவிவிடும்போல இருந்தது. பிடித்து வைத்துக்கொண்டான்.

மச்சான் சக்கரத்தைக் கழற்றினார். பல்சக்கரத்தை இறுக்கும் வளையத்தை எதிர்ப்பக்கமாகத் திருகி எடுத்தார். கட்டையில் சுற்றிய செயின் துண்டைப் பல்லில் மாட்டி ஓர் இழுப்பு. பதினெட்டு கழன்று வந்தது. பதினைந்தைப் போட்டு முடுக்கினார். வண்டியைத் தரையில் வைத்தபோது டங்கென்ற சத்தம் தேவைக்கு மேலேயே கேட்டது.

"போ. ஏறு. முட்டி கழண்டா இங்க வராத, ஆஸ்பத்திரிக்குப் போ."

முதல் மிதியிலேயே தெரிந்துவிட்டது. கல்லைத் தள்ளுவதுபோல. இதையா தினமும் மிதித்தோம்? கடைத்தெரு முடிந்து மேடு தொடங்கியதும் அவன் இருக்கையை விட்டு எழுந்து நின்று உடம்பு எடை முழுவதையும் ஒவ்வொரு பெடலிலும் இறக்கினான். வண்டி இடமும் வலமும் ஆடியது. பால்காரரின் வேன் ஒன்று ஹாரன் அடித்துத் தாண்டியது. முன்னால் போய்க்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நடந்தே அவனுக்குச் சமமாக வந்தார். "செயின்ல ஏதாவது சிக்கியிருக்கா தம்பி?" என்றார். அவன் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான்.

இருவரும் ஒன்றாக ஏறிய நாட்களில் அவள் வண்டியில் முன்னால் நாற்பத்தாறு, பின்னால் பதினெட்டு. கால் மின்விசிறி மாதிரிச் சுற்றும். "உன்னோடது மூணு பங்கு திமிர், ஒரு பங்கு இரும்பு" என்பாள். அவன் அவளைத் தையல் மெஷின் என்பான். எப்போதும் அவள்தான் முதலில் உச்சிக்குப் போவாள். போய் நின்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிற மாதிரி நடிப்பாள். கடிகாரமே கட்டமாட்டாள். தலைக்குள் ஒரு நரம்பு வெடித்து ஒரு மதியத்தில் போய்விட்டாள். ஆம்புலன்ஸ் வந்தபோது அவன் மேட்டு மேல் தண்ணீரில் குளோரின் அளந்துகொண்டிருந்தான்.

வளைவு தாண்டியது. தொடை தீப்பிடித்தது. முட்டிக்குள் பழைய ஊசி ஏறியது. நெஞ்சு கொதித்தது. மச்சானைத் திட்டினான். வாய்விட்டே திட்டினான். அண்ணன் தங்கை இருவரையும் திட்டினான். தொட்டியின் இரும்புக் கேட் கண்ணில் பட்டது. ஏறிவிட்டான்.

கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்று மூச்சு வாங்கினான். லேசாக இருந்ததா? இல்லை. முடியாமல் போனதா? அதுவும் இல்லை. அவளை எடுத்த நான்காம் நாள் இதே பதினைந்தில் இதே மேட்டில் ஏறி வேலைக்கு வந்தவன்தானே அவன். அன்றைக்கும் ஏறினான், இன்றைக்கும் ஏறியிருக்கிறான். இதிலிருந்து என்ன தெரிந்தது? ஒன்றும் தெரியவில்லை. ஒரு மிதிக்குச் சக்கரம் எத்தனை சுற்று என்பது மட்டும்தான் பல்லுக்குத் தெரியும். இதைக் கேட்கவா நாக்குத் தள்ள ஏறி வந்தோம் என்று தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது. ஆய்வுக்கூடத்தில் மாதிரியை எடுக்கும் முன்பே பாட்டில் அசுத்தமாகிவிட்டால் அந்தச் சோதனையையே தூக்கிப் போட்டுவிடுவார்கள். எத்தனை தடவை செய்தாலும் அதில் பதில் வராது. இந்த வண்டியில் இனி எந்தப் பதிலும் வராது. கால் லேசாக இருக்கிறதென்று தோன்றும் ஒவ்வொரு நாளும் இறங்கிப் பல்லை எண்ணிக்கொண்டு நிற்க வேண்டும்.

இறங்கும்போது பெடல் காலை இழுத்து இழுத்துச் சுற்றியது. அதற்கு எதிராக அழுத்திக்கொண்டே வந்தான்.

கடைத்தெருவில் கூச்சல் கேட்டது. பேக்கரிக்காரி அவன் மனைவியின் வண்டியில் ஏறி உட்கார்ந்திருந்தாள். மச்சான் பின்னாலிருந்து இருக்கையைப் பிடித்தபடி ஓடிக்கொண்டிருந்தார். "கால நிறுத்தாதீங்க! நிறுத்தாதீங்கன்னா!"

"நான் நிறுத்துனாலும் அது நிறுத்த மாட்டேங்குதே அண்ணே! ஐயோ, இது என்ன வண்டி, சொல்றதக் கேக்காதா?"

மச்சானின் மனைவி வாயில் கையை வைத்துக்கொண்டு சிரித்தாள். அவனைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது.

"இறங்குங்க," என்றான் லேப்காரன்.

அவள் இறங்கினாள். இறங்கத் தெரியாமல் விழப் போய் மச்சான் தோளைப் பிடித்தாள்.

"இந்த வண்டி இல்ல. மன்னிச்சுக்குங்க. இது இல்ல."

அவளுக்கும் வந்ததே கோபம்! "என்ன சார் வெளையாட்டா? ரெண்டு பஸ் மாறி வந்திருக்கேன். தூங்குற நேரத்துல வந்திருக்கேன். பொழுது விடியுற முன்ன நடந்தே வேலைக்குப் போறவ நான். உங்க வீட்டுச் சண்டைக்கு நானா கெடச்சேன்? மனசு மாறுற ஆளு மொதல்லயே சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே!"

அவள் கேட்டது ஒவ்வொன்றும் அவன் மச்சானைக் கேட்டதுதான். அவன் தன் வண்டியை அவள் முன்னால் தள்ளினான்.

"இத எடுத்துக்குங்க. ரெண்டும் ஒரே அளவுதான், ஒரே நேரத்துல கட்டினது. எங்க ரெண்டு பேருக்கும் ஒரு விரல்தான் வித்தியாசம். உங்க உயரத்துக்குச் சரியா இருக்கும்."

"மாப்ள," என்றார் மச்சான். "உன் வண்டியா?"

"இதுல நீ கை வெச்சுட்ட. இனிமே நான் இதுல ஏறுனா மேட்டையும் நம்ப முடியாது, காலையும் நம்ப முடியாது." சுவரோரம் போய் மனைவியின் வண்டியின் கைப்பிடியைப் பிடித்தான். குனிந்தான். மூவரும் அவன் பற்களை எண்ணி முடிக்கும்வரை காத்திருந்தார்கள்.

"பதினெட்டுதான்," என்றார் மச்சான். "அவ போட்டது. அதை நான் தொடல. தொட மாட்டேன்டா."

"தெரியும். இருந்தாலும் எண்ணுவேன்."

பேக்கரிக்காரி அவன் வண்டியின் பெடலைக் காலால் அழுத்திப் பார்த்து முகம் சுளித்தாள். "இது என்னண்ணே, அம்மிக்கல் மாதிரி இருக்கு?"

"அதுல இருக்கறது பதினஞ்சு," என்றார் மச்சான். மேஜையில் கிடந்த பதினெட்டை எடுத்தார். எடுத்தவர் நிமிர்ந்து லேப்காரனைப் பார்த்தார்.

"என்ன ஏன் பாக்கற? அவங்க வண்டி. அவங்கள்ட்ட கேட்டுட்டுப் போடு."

மச்சான் தொண்டையைச் செருமினார். "ஏம்மா, பின்னாடி பதினெட்டுப் பல்லு போடட்டுமா? மிதிக்க லேசா இருக்கும்."

"இதக் கேக்கணுமாண்ணே? போடுங்க!"

லேப்காரன் மனைவியின் வண்டியின் இருக்கையை ஒரு விரல் உயர்த்தி முடுக்கினான். தெருவில் இறக்கினான். இரண்டு மிதியில் கால் பரபரவென்று சுற்றியது. தையல் மெஷின். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. பாட்டும் வரவில்லை. ஆனால் இந்த லேசு யாருடையது என்று தெரியும்.

"சாப்பிட்டுட்டுப் போ தம்பி," என்று படியிலிருந்து குரல் வந்தது. "அடுப்புல வெச்சுட்டு வந்திருக்கேன்."

"இன்னிக்கு எறங்காதுக்கா."

"அடுத்த சனிக்கிழம?" என்றார் மச்சான். கையில் செயின் துண்டோடு நின்றார். அவர் கண் சிவந்திருந்தது.

லேப்காரன் ஒரு காலை ஊன்றி நின்றான். திரும்பிப் பார்க்கவில்லை.

"வருவேன். சாப்பிடுவேன். வண்டி வெளியில நிக்கும். பூட்டித்தான் நிக்கும். செயின நானே துடைச்சுக்குவேன்."

"எண்ணெ?"

"எண்ணெ மட்டும் குடுங்க," என்றான்.